கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்

பருப்பு மண்டி நடத்துகிறவருக்கு ஸ்பீக்கர் பெட்டியோடு என்ன வேலை என்று வாசக நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாம் படித்தது பள்ளிப் படிப்பு மட்டுமே. அதை முடித்த கையோடு தகப்பனார் நம்மை மண்டிக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டார். ஆனால் மண்டிக்கு எதிரே ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. லாரி வராத மதிய நேரங்களில் நாம் அங்கேதான் இருப்போம். ஈயப் பற்று வைக்கவும், காயில் சுற்றவும், கண்டென்சரின் மதிப்பைப் பார்த்து வாங்கவும் அங்கே கற்றுக்கொண்டோம். இன்று வயது அறுபதைத் தாண்டியும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுப் பின்கட்டில் ஒரு பெட்டியாவது திறந்து கிடக்கும்.

இது பொழுதுபோக்கைப் பற்றிய கட்டுரை என்று நினைத்து யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் சங்கக் கட்டடத்தில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் தவறு நம்முடையது. தவறைச் சொல்லி, அதைத் திருத்திய வழியையும் சொன்னால் மற்ற ஊர்ச் சங்கத்தாருக்கும் உதவும் என்று எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

2009இல் நம் சங்க மண்டபம் எழுந்தபோது, ஒலிபெருக்கியை வெளியில் வாங்க வேண்டாம், நாமே செய்து தருகிறோம் என்று செயற்குழுவில் சொன்னோம். மேடையின் இருபுறமும் இரண்டு பெட்டிகள் வைத்தோம். நன்றாகவே பேசின. 2012இல் பின்வரிசைக்கு ஒலி போதவில்லை என்றார்கள். அதே மாதிரி இன்னும் இரண்டு பெட்டிகள் செய்து, பழைய கம்பியோடு அப்படியே சேர்த்துப் பின்சுவரில் மாட்டிவிட்டோம். கைத்தட்டல் கிடைத்தது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தோம்.

2013 பொதுக்குழுவில் குடும்ப நல நிதியைப் பற்றி அறிவித்தோம். மாதக் கடைசிக்குள் நல நிதிச் சந்தா கட்டிப் பெயர் பதிவு செய்துகொள்ளும் உறுப்பினர் காலமானால், குடும்பத்துக்கு ஒரு தொகை கிடைக்கும். செயலாளர் அதை இரண்டு தடவை படித்தார். முன்வரிசையில் இருந்த எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

பின்வரிசையில் ஒரு சில்லறை மளிகைக் கடைக்காரர் இருந்தார். எங்கள் மண்டியில் இருபது வருஷம் சரக்கு எடுத்தவர். கடன் பாக்கி வைக்காதவர். எந்தக் கூட்டத்துக்கும் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்காருவார். சுற்றறிக்கை அனுப்பினால் படிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கூட்டத்தில் காதால் கேட்பதுதான் கணக்கு. அன்றைக்கு அவர் காதில் விழுந்தது "சந்தா" என்ற ஒரு சொல் மட்டுமே. ஆண்டுச் சந்தாதான் கட்டியாயிற்றே என்று எழுந்து போய்விட்டார்.

மறு வருஷம் அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவர் மனைவி சங்கத்துக்கு வந்து, "அண்ணே, அவுக கூட்டத்துக்கு வந்தாகளே, உங்க யார்கிட்டயும் எதுவும் சொல்லலையா?" என்று கேட்டார். பதிவேட்டில் பெயர் இல்லை. விதிப்படி நிதியிலிருந்து எடுத்துக் கொடுக்க முடியவில்லை. செயற்குழுவினர் கைக்காசு போட்டு ஒரு தொகை கொடுத்தோம். ஆனால் அது நிதியிலிருந்து கிடைத்திருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

அன்று மாலையே மண்டபத்துக்குப் போய்ப் பின்சுவர்ப் பெட்டிகளைக் கழற்றினோம். இரண்டிலும் கீச்சொலி தரும் சிறிய ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டர், எரிந்து போயிருந்தது. மல்டிமீட்டர் முள் அசையவில்லை. எப்போது எரிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பார்க்க வேண்டிய நாமோ எப்போதும் முன்வரிசையில் உட்காருகிறவர்கள்!

எழுத்து எங்கே இருக்கிறது?

மனிதக் குரலின் கனம் தாழ்ந்த ஒலியில் இருக்கிறது. சொல்லின் தெளிவு உயர்ந்த ஒலியில் இருக்கிறது. உயிரெழுத்துகள் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே பலமாக ஒலிக்கும். ச, த, க, ட என்று ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளுக்கு 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலும் அதற்கு மேலும் உள்ள பகுதி வேண்டும். அது போனால் யாரோ பேசுகிறார் என்று தெரியும். என்ன பேசுகிறார் என்று தெரியாது. வயதானவர்களுக்குக் காது முதலில் மங்குவதும் அந்த உயர்ந்த பகுதியில்தான். ஆகவே பின்வரிசையில் உட்காரும் பெரியவருக்கு நஷ்டம் இரட்டிப்பு.

சல்லடைக் கணக்கு

ஒரே ஸ்பீக்கரால் எல்லா ஒலியையும் நன்றாகத் தர முடியாது. சினிமாக் கொட்டகைகளுக்காக அமெரிக்காவில் எம்.ஜி.எம். ஒலித்துறையின் டக்ளஸ் ஷீரர் குழுவினர், தாழ்ந்த ஒலிக்கு ஒன்று, உயர்ந்த ஒலிக்கு ஒன்று என்று பிரித்துச் செய்த அமைப்புக்கு 1936ஆம் ஆண்டுக்கான அகாதெமி விருது கிடைத்தது. அந்த வழிதான் இன்று வீட்டுப் பெட்டி வரைக்கும் வந்திருக்கிறது. பெரியது ஊஃபர், நடுத்தரம் மிட்ரேஞ்ச், சிறியது ட்வீட்டர். எந்த ஒலி எதற்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்பும் பாகம் கிராஸ்ஓவர்.

நம் தொழிலில் சொன்னால் அது சல்லடை. காயில் தாழ்ந்த ஒலியை விட்டு உயர்ந்ததைத் தடுக்கும். கண்டென்சர் உயர்ந்ததை விட்டுத் தாழ்ந்ததைத் தடுக்கும். ஊஃபருக்கு முன்னால் காயில், ட்வீட்டருக்கு முன்னால் கண்டென்சர். அளவுக் கணக்கும் எளிது. 6.28ஐயும், பிரிக்க வேண்டிய ஹெர்ட்ஸையும், ஸ்பீக்கரின் ஓமையும் பெருக்கி, 1ஐ அந்தத் தொகையால் வகுத்தால் கண்டென்சரின் ஃபாரட் வரும். ஓமை, 6.28ஐயும் ஹெர்ட்ஸையும் பெருக்கிய தொகையால் வகுத்தால் காயிலின் ஹென்றி வரும். 8 ஓம் ஸ்பீக்கரை 4000 ஹெர்ட்ஸில் பிரிக்க 5 மைக்ரோஃபாரட்டும் 0.32 மில்லிஹென்றியும் வேண்டும். 500 ஹெர்ட்ஸ் என்றால் 40 மைக்ரோஃபாரட்டும் 2.5 மில்லிஹென்றியும்.

நாம் செய்த தவறு இங்கேதான் ஆரம்பம். பின்பெட்டி செய்யும்போது 5 மைக்ரோஃபாரட் கையில் இல்லை. 10 இருந்தது. "இதுவே போதும்" என்று போட்டுவிட்டோம். அதனால் ட்வீட்டருக்கு 4000இலிருந்து வர வேண்டிய ஒலி 2000இலிருந்தே வந்து சுமை ஏறிற்று. அடுத்த தவறு, நான்கு 8 ஓம் பெட்டிகளையும் பக்க இணைப்பாகச் சேர்த்தது. அப்படிச் சேர்த்தால் மொத்தம் 2 ஓம்தான். நம் ஆம்ப்ளிஃபயரோ 4 ஓமுக்குக் கீழே போகக்கூடாதது. கடைக்கு ஒரு வாசலுக்குப் பதில் நான்கு வாசல் திறந்துவிட்டு ஒரே கல்லாக்காரரை உட்கார வைத்தது போல அது திணறிற்று. திணறும் ஆம்ப்ளிஃபயர் ஒலியலையின் தலையை நறுக்கிவிடும். நறுக்கிய அலையில் உயர்ந்த ஒலியின் பங்கு கூடி, அதுவும் ட்வீட்டர் தலையில்தான் விழும். இரண்டு தவறும் சேர்ந்து அதை எரித்துவிட்டன.

இரண்டு வழிகள்

கிராஸ்ஓவர் அமைக்க இரண்டு வழிகள் உண்டு. வழக்கமானது பக்க இணைப்பு. மெக்கானிக்குகள் பேரலல் என்பார்கள். மண்டிக்கு மூன்று கடைக்காரர்கள் வந்து, அவரவர் சல்லடையில் அவரவர் சலித்துக்கொள்வது போல. ஒருவர் சல்லடையை மாற்றினால் மற்றவருக்குப் பாதிப்பு இல்லை. ஒன்று கெட்டாலும் மற்றவை வேலை செய்யும். தனித்தனியே திருத்தலாம். இது இதன் பலம்.

பலவீனம் என்ன? மேலே சொன்ன கணக்கு ஸ்பீக்கர் எப்போதும் 8 ஓமாகவே இருக்கும் என்று நம்பிப் போட்டது. உண்மையில் இருக்காது. ட்வீட்டருக்கு ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. அந்த இடத்தில் அதன் ஓம் ஏறும். 1200 ஹெர்ட்ஸில் 20 ஓமுக்கு ஏறுகிற ட்வீட்டரை எடுத்துக்கொள்வோம். 5 மைக்ரோஃபாரட் கண்டென்சர் வழியாக, 8 ஓமாகவே இருந்தால் அதற்கு வந்த மின்னழுத்தத்தில் சுமார் 30 சதம் போகும். 20 ஓம் ஆனபின் 60 சதம் போகும். தடுக்க வேண்டிய இடத்தில் சல்லடை கிழிந்த கதை.

இன்னொரு வழி தொடர் இணைப்பு, அதாவது சீரிஸ். கல்யாண வீட்டு சீரியல் செட் விளக்கைப் போல ஸ்பீக்கர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பது. இதில் கண்டென்சர், தாழ்ந்த ஒலி தரும் ஸ்பீக்கரின் குறுக்கே நின்று, உயர்ந்த ஒலியை அதைத் தொடாமல் தாண்டவைக்கும். காயில், ட்வீட்டரின் குறுக்கே நின்று தாழ்ந்த ஒலியைத் தாண்டவைக்கும். மதிப்புகள் அதே மதிப்புகள்தான். சல்லடைகளை அடுக்கி வைத்துச் சலிப்பது போல, மேல்தட்டில் நிற்காதது கீழ்த்தட்டுக்குப் போயே தீரும். பிரித்த பாகங்களைக் கூட்டினால் மூட்டை எடை அப்படியே வரும். இரு ஸ்பீக்கரின் மின்னழுத்தத்தையும் கூட்டினால் உள்ளே வந்தது அப்படியே இருக்கும்.

மேலே சொன்ன ட்வீட்டரையே இதில் வைத்துப் பாருங்கள். 1200 ஹெர்ட்ஸில் 0.32 மில்லிஹென்றி காயில் 2.4 ஓம் மட்டுமே. ட்வீட்டர் 20 ஓமுக்கு ஏறினாலும் குறுக்கே 2.4 ஓம் நிற்பதால் அதற்குப் போவது சுமார் 30 சதத்தைத் தாண்டாது. நமக்கு இதைத்தான் விட்டுப்போயிருந்தது.

தொடர் இணைப்புக்கும் குறை உண்டு. ஒரு பாகத்தை மாற்றினால் இரண்டு ஸ்பீக்கரின் பங்கும் மாறும். இரண்டு ஸ்பீக்கர் மட்டும் உள்ள பெட்டியில், பெரிய ஸ்பீக்கரின் குறுக்கே உள்ள கண்டென்சர் ஷார்ட் ஆனால், தாழ்ந்த ஒலிக்குக் காயில் வழியாக நேர்ப்பாதை கிடைத்து ஆம்ப்ளிஃபயரே போய்விடலாம். மூன்று ஸ்பீக்கரையும் தொடராகக் கோத்தால் கணக்கு சிக்கலாகி, திருத்துவது கஷ்டம்.

இரண்டையும் சேர்த்தோம்

கூட்டு வியாபாரத்தில் அவரவர் பலத்துக்கு ஏற்ற வேலையைக் கொடுப்பது போல, இரண்டு வழியையும் ஒரே பெட்டியில் சேர்த்தோம். 2015இல் நான்கு பெட்டிகளையும் பிரித்துப் புதிதாகச் செய்தது இப்படி:

ஊஃபருக்குத் தனி வழி. அதன் முன்னால் 2.5 மில்லிஹென்றி காயில். மேல் ஒலிக்குத் தனி வழி. அதன் முன்னால் 40 மைக்ரோஃபாரட் கண்டென்சர். இந்த இரு வழிகளும் ஆம்ப்ளிஃபயர் முனையில் பக்க இணைப்பு. 500 ஹெர்ட்ஸில் பிரியும். 40 மைக்ரோஃபாரட்டைத் தாண்டியபின் மிட்ரேஞ்சும் ட்வீட்டரும் தொடர் இணைப்பு. மிட்ரேஞ்சின் குறுக்கே 5 மைக்ரோஃபாரட். ட்வீட்டரின் குறுக்கே 0.32 மில்லிஹென்றி. அங்கே 4000 ஹெர்ட்ஸில் பிரியும்.

இதில் மூன்று லாபம். முதலாவது, ட்வீட்டருக்கு இரட்டைக் காவல்: முன்னால் 40 மைக்ரோஃபாரட், குறுக்கே காயில். இரண்டாவது, 8 ஓம் மிட்ரேஞ்சும் 8 ஓம் ட்வீட்டரும் மேற்சொன்ன அளவில் சேர்ந்தால், கணக்குப்படி 16 ஆகாமல் ஒரே 8 ஓம் ஸ்பீக்கரைப் போலவே நிற்கும். ஆகவே 500 ஹெர்ட்ஸ் கணக்கும் தப்பாது. பெட்டி முழுவதும் 8 ஓமுக்கு அருகில் இருக்கும். மூன்றாவது, உள்ளே 5 மைக்ரோஃபாரட் ஷார்ட் ஆனாலும், முன்னால் 40 மைக்ரோஃபாரட் நிற்பதால் தாழ்ந்த ஒலியின் பெரிய சுமை ஆம்ப்ளிஃபயரைத் தாக்காது. வாங்கவேண்டிய பாகங்களோ பழையபடி இரண்டு காயில், இரண்டு கண்டென்சர்தான். செலவு ஏறவில்லை.

பெட்டிகளுக்கு இடையிலும் கம்பியை மாற்றினோம். முன்பெட்டி இரண்டும் தொடராக 16 ஓம். பின்பெட்டி இரண்டும் தொடராக 16 ஓம். இரண்டு ஜோடியும் பக்க இணைப்பில் 8 ஓம். ஆம்ப்ளிஃபயர் இப்போது நிம்மதியாக ஓடுகிறது. நான்கும் ஒரே மாதிரிப் பெட்டிகளாக இருந்தால்தான் இப்படிக் கோக்கலாம்; வெவ்வேறு பெட்டிகளைத் தொடராகக் கோக்கக் கூடாது.

செய்ய நினைப்போர் கவனத்துக்கு

கண்டென்சர் நான்-போலார் வகையாகவே இருக்க வேண்டும். பிளஸ், மைனஸ் குறித்த சாதாரண எலக்ட்ரோலைட்டிக் ஆகாது. 40 கிடைக்காவிட்டால் நான்கு 10ஐப் பக்க இணைப்பாகச் சேர்க்கலாம். கண்டென்சர் பக்க இணைப்பில்தான் கூடும். 5க்கு 4.7 போடலாம், 10 போடக்கூடாது. அந்தப் பாடத்துக்கு நாம் கொடுத்த விலை அதிகம்.

ஊஃபர் காயிலுக்குக் கனமான செம்புக் கம்பி வேண்டும். அதன் தடை அரை ஓமைத் தாண்டினால் பலம் காயிலிலேயே சூடாகப் போகும். இரண்டு காயிலையும் தள்ளி, ஒன்றுக்கொன்று குறுக்காகப் பொருத்த வேண்டும். அருகருகே ஒரே திசையில் வைத்தால் ஒன்றின் ஒலி மற்றொன்றில் கசியும்.

ஊஃபரின் ஓமும் மேலே போகப்போக ஏறும். 6.4 ஓம் நேர்மின் தடையும் 0.5 மில்லிஹென்றியும் உள்ள ஊஃபருக்கு, 8 ஓம் ரெசிஸ்டரையும் 12 மைக்ரோஃபாரட்டையும் தொடராக்கி ஊஃபரின் குறுக்கே போட்டால் அந்த ஏற்றம் அடங்கும்.

ட்வீட்டர் அதிகமாகக் கீச்சிட்டால் வெறும் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு அடக்கக் கூடாது. தொடர் இணைப்பின் கணக்கே மாறிவிடும். 3 டெசிபல் குறைக்க, ட்வீட்டரின் குறுக்கே 20 ஓம், அதற்கு முன்னால் தொடராக 2.2 ஓம் போட வேண்டும். அப்போது காயிலுக்கு அது 8 ஓமாகவே தெரியும்.

மிட்ரேஞ்சுக்குப் பெட்டிக்குள்ளேயே மூடிய தனி அறை வேண்டும். இல்லாவிட்டால் ஊஃபரின் காற்று அதன் தாளைத் தள்ளும். பிளஸ் முனை தெரியாத ஊஃபரில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். தாள் வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ்.

முக்கியமான ஒன்று. தொடர் இணைப்பில் ட்வீட்டரைச் சோதிக்கும்போது ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு மீட்டர் வையுங்கள். கழற்றாமல் வைத்தால் குறுக்கே உள்ள காயிலின் தடையைத்தான் மீட்டர் காட்டும். எரிந்துபோன ட்வீட்டரும் நல்லது போலத் தெரியும். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6 முதல் 7 ஓம் வரை காட்டும். அதுவே நல்ல நிலை.

இன்றைக்கு இந்த வேலையையெல்லாம் சிறு கணினிச் சில்லே செய்யும் கருவிகள் கடையில் கிடைக்கின்றன. வசதி உள்ள சங்கங்கள் வாங்கலாம். எதை வாங்கினாலும், செய்தாலும், கீழே சொல்லும் சோதனை பொது.

விலைப்பட்டியல் சோதனை

கிராஸ்ஓவர் சரியா என்று பாட்டுப் போட்டுப் பார்ப்பது வழக்கம். சங்க மண்டபத்துக்கு அது போதாது. தெரிந்த பாட்டு எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் இருக்கும். நாம் செய்தது வேறு. மேடையில் ஒருவரை நிறுத்தி, யாருக்கும் முன்கூட்டிக் காட்டாத 40 வரி விலைப்பட்டியலை மைக்கில் வாசிக்கச் சொன்னோம். கடைசி வரிசையில் அறுபது வயது தாண்டிய மூன்று உறுப்பினர்களை உட்காரவைத்துக் கேட்டதை எழுதச் சொன்னோம். உளுந்தா துவரையா, அறுபதா எழுபதா என்பதில் தடுமாறினால் பெட்டியில் கோளாறு இருக்கிறது என்று பொருள். பழைய பெட்டியில் ஒருவர் 11 வரி தப்பாக எழுதினார். புதிய பெட்டியில் அதே ஆள், வேறு பட்டியலில் 2 வரிதான் தப்பினார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பொதுக்குழுவுக்கும் முதல் நாள் மாலை இந்தச் சோதனை நடக்கிறது. நாமும் கூட்டத்தில் கடைசி வரிசையில்தான் உட்காருகிறோம். பணம், தேதி சம்பந்தப்பட்ட அறிவிப்பு எதுவானாலும் செயலாளர் படித்து முடித்ததும், "பின்னால் கேட்டதா?" என்று கேட்பார். நாம் கையை உயர்த்தினால்தான் அடுத்த தீர்மானம்.

அந்த அம்மா இன்றும் கடையை நடத்தி வருகிறார். பையனும் கூட நிற்கிறான். நல நிதியில் அவர்கள் கடைப் பெயர் பதிவாகியிருக்கிறது. போன தடவை சரக்கெடுக்க வந்தபோது, "இப்ப நல்லாக் கேக்குதுண்ணே" என்றார். நமக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. சிட்டையைப் பார்த்து மூட்டை எண்ணினோம்.

எடைக்கல்லில் குறை வைக்காதவன்தான் வியாபாரி என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கூட்டத்துக்கு வந்தவரின் காதுக்குப் போய்ச்சேரும் சொல்லும் அப்படி ஓர் எடைதான். உங்கள் ஊர்ச் சங்க மண்டபத்தில் அடுத்த கூட்டத்துக்கு முன்பு ஒரு தடவை கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.